இரண்டாவது கையெழுத்து

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாக உன் அம்மா தினமும் போனை வைத்ததும் என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறாள், நானாகக் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தையும் நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உன் அம்மா போட்ட நிபந்தனை. போனில் பேசினால் நல்லாயிருக்கியா, சரி, வை என்று முடித்துவிடுவேனாம், அதனால் காகிதத்தில், என் கைப்பட, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டுமாம். எழுதினால்தான் பறவை நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுவாளாம். ஆறு மாதமாக உன்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தவனை ஒரு பறவையை வைத்து மடக்கிவிட்டாள்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பல் தேய்த்துக்கொண்டே குளியலறை ஜன்னலில் பார்க்கிறேன், பின்பக்கத்துக் காலி மனையில் ஒரு கொண்டலாத்தி. லாரி மெக்கானிக் பழைய டயர்களைக் குவித்து வைத்திருக்கிறானே, அதற்கு நடுவில் நின்று மண்ணைக் குத்திக் குத்திப் புழு எடுக்கிறது. உடம்பு செங்கல் பொடி நிறம், இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, நீளமாக வளைந்த அலகு. வாய் நிறையப் பற்பசை நுரையோடு மூச்சு விடாமல் நின்றேன். சட்டென்று தலைக் கொண்டையை விசிறி மாதிரி விரித்தது பார் பாப்பா, அறுபத்து நாலு வயசுக்காரன் சின்னப் பையன் மாதிரி ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டேன். அப்படி ஒன்று என் வீட்டுக்குப் பின்னாலேயே வந்து இரை தேடுகிறது, நான் பனியனோடு நின்று பார்க்கிறேன் என்றால் அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஓடி வா, ஓடி வா என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அது பறந்த பிறகு திரும்பினால், பின்னால் கரண்டியோடு நிற்கிறாள். அவளும் பார்த்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

எங்கள் நோட்டின் விதிதான் உனக்குத் தெரியுமே. காலையில் நடக்கப் போகிற நாங்கள் மூன்று பேர், நான், பல் டாக்டர், தையற்காரர். இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பறவை நோட்டில் ஏறும். முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்து முத்திரை குத்தினவன் நான், வாய்ப்பேச்சை நம்புவேனா, அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். நுணலும் தன் வாயால் கெடும். இந்த நோட்டில் கொண்டலாத்தி இதுவரை ஏறினதே இல்லை என்று டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னால், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, போன தடவை மாதிரி இல்லையே என்றார்.

போன தடவை என்றால் எது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். நீ வந்திருந்தபோது தண்ணீர்த் தொட்டி உச்சியில் நான் காட்டின ராஜாளி. தையற்காரர் மரியாதைக்காக அதன் மார்பில் கோடுகூடத் தெரிகிறது என்றார். நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலரை நீயே வாங்கி ஒரே பார்வை பார்த்துவிட்டு, அப்பா, அது குழாயில மாட்டின கறுப்புப் பை, கையெழுத்தெல்லாம் போட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். டாக்டர் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். மறுநாள் நீ ஊருக்குக் கிளம்பும்போது நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

இதுவரை நேற்று எழுதினது. இரண்டு பக்கம் ஆயிற்று என்று அம்மாவிடம் காட்டினேன், எண்ணிப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் தையற்காரர் நோட்டோடு வந்தார். என்ன நிறம் அண்ணி என்று கேட்டார். உங்க அண்ணன் என்ன கலர் சொன்னாரோ அதே கலர்தான் தம்பி என்றாள். கொண்டை விரிந்திருந்ததா, மடிந்திருந்ததா என்றார். எப்படி எழுதினா சரியா இருக்குமோ அப்படி எழுதிக்கோங்க, பேனாவைக் குடுங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே பார்த்தியா என்று கேட்டேன். உங்க வாயில நுரை தள்ளிக்கிட்டு இருந்துச்சு, வலிப்போன்னு உங்களைத்தான் பார்த்தேன், பறவையை யாரு பார்த்தா என்கிறாள்.

தையற்காரருக்கு ஆட்சேபணை இல்லை. அண்ணி போடுறேங்கிறாங்க, உங்களுக்கென்ன நட்டம் என்றார். பேனாவும் அவள் கைக்குப் போய்விட்டது. நான்தான் பிடுங்கி, அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அன்றைக்கு நீ போடாத கையெழுத்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆக நோட்டில் கொண்டலாத்தி இல்லை. கையெழுத்து இல்லை என்றால் இந்தக் கடிதத்துக்கும் கட்டாயம் இல்லை, கிழித்துப் போடலாம். இதற்கு மேல் எழுதுவது நானாக எழுதுவது.

அது பைதான். நீ சொன்ன அன்று சாயங்காலமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குத் தலையும் வலிக்கவில்லை. அறைத் திரைக்குப் பின்னால் நின்று, உன் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டு முறை திரும்பிப் பார்த்தாய். இதற்கும் சாட்சி கிடையாது, பார்த்தாயா இல்லையா என்று நீயே பதில் எழுது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் வா. கொண்டலாத்திக்காகத் தினமும் அரை மணி நேரம் பல் தேய்க்கிறேன், அந்த ஜன்னலில் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது. மனசும் உடம்பும் குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

இதை அவரேதான் எழுதினார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் என் கண்ணால் பார்த்தேன்.
அம்மா