வாடகைக் கொழுந்துக்கூடை

அன்பு மகன் சச்சினுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். அம்மா சுகம், உன் தங்கை ரூபினி சுகம், சிங்கப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதினால் அது நீ மேடையில் பேசியதைப் போல ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பக்கிரிசாமி மாமா வரைக்கும் போய்விடும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலீட்டாளர்கள் முன் நீ பேசிய காணொளியை ரூபினி காட்டினாள். அப்போது நான் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாத தேயிலைத் தொழிலாளி, முதுகில் கூடை சுமந்து என்னை ஆளாக்கினார்" என்று நீ சொன்னாய், அரங்கமே கை தட்டியது. கூடை சுமந்தவள் என் அம்மா. நான் சுமக்கக் கூடாது என்பதற்காகச் சுமந்தவள். எங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அவள் இறக்கி வைத்ததை எடுத்து ஒரு நிமிடத்தில் என் முதுகில் ஏற்றிவிட்டாயே. நிறுவனம் தொடங்கியவனின் கதை உருக்கமாக இருந்தால்தான் பணம் வரும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அவர்கள் ஒப்பந்தம் போடுவதற்கு முன், தைப்பூசம் முடிந்த வாரம் மலைக்கு வந்து தோட்டங்களையும் அந்த அப்பாவையும் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாய், அம்மா தன் அண்ணன் பக்கிரிசாமியிடம் சொன்னாள். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள், நோயாளிகளைப் பின்கட்டுக்கு அனுப்புவார்கள். மாமா அதையேதான் செய்துகொண்டிருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்யும் கந்தனின் வீட்டை ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்டு வாங்கிக் கதவுக்குச் சாயம் அடித்தாயிற்று. இப்போது கொழுந்தை இயந்திரத்தால் வெட்டுகிறார்கள், கூடை யாரிடம் இருக்கிறது? சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கடையில் வாடகைக்குப் பிடித்து வந்திருக்கிறார். "மாப்ள, அரை மணி நேரம்லா. சாரத்தக் கட்டிக்கிட்டு சும்மா நின்னா போதும், வாயத் தொறந்து இங்கிலீசு மட்டும் பேசிடாதீங்க" என்றார். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி வேறொருவனுக்குப் போனபோது ஆறுதல் சொல்ல வந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுப் போன மனுஷன்.

உன் தொழிலைப் பற்றி நானும் படித்துத்தான் வைத்திருக்கிறேன். சந்தை எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக வளர்கிறாய், எத்தனை பங்கு கொடுப்பாய் என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் தொடக்கத்தில் காட்டுவதற்கு வேறு எதுவும் இருக்காது என்பதால் ஆளைத்தான் எடை போடுவார்கள். பணம் போடுமுன் தோண்டித் துருவுவார்கள். பள்ளியின் இணையப் பக்கத்தில் என் பெயர், படம், பட்டம் எல்லாம் இருக்கின்றன. அப்பனைப் பற்றியே பொய் சொன்னவன் கணக்கை எப்படிக் காட்டியிருப்பான் என்று கேட்டால் என்ன சொல்வாய்? அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், பிறகு எந்தக் கதவும் திறக்காது.

உன்னிடம் மெய்யான சரக்கு இருக்கும்போது இது எதற்கு? மலையில் திரிங்காப் ஊரிலிருந்து லோரி பாதி காலியாகக் கீழே இறங்குகிறது, பக்கத்துக் கோலா தெர்லாவில் காய் அழுகிக் கிடக்கிறது, அந்த இரண்டையும் ஒரு செயலியால் இணைத்தாய். தீபாவளி வாரம் உன் செயலி நின்றுபோனபோது கோலா தெர்லாவில் தோட்டம் போட்டிருக்கும் மோகனா என்னைக் கூப்பிட்டு, "என்ன சார், ஒங்க மகன் பலகாரம் தின்னுட்டுத் தூங்கிட்டாரா? லோரி வரல, இந்த முட்டகோஸ நான் தலையில வச்சா கீழ கொண்டு போறது?" என்று கிழித்துவிட்டாள். ஒரு நாள் நீ இல்லாவிட்டால் தவித்துப்போய்த் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது, முதலீட்டாளர் தேடி வருவது அதைத்தான். அவர்களை அவளிடம் கூட்டிப்போ.

நான் கந்தன் வீட்டுக்குப் போக மாட்டேன். பள்ளிக்குப் போடும் சட்டை, கால்சட்டையோடு நம் வீட்டில் இருப்பேன், கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அதற்குள் நீயே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. விலகினால் விலகட்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்பாய், கோபமும் இருக்கிறது. எனக்குரியது ஒவ்வொன்றும் பிறருக்குப் போவதைப் பார்த்தவன் நான், படித்த படிப்பையும் விட்டுக்கொடுக்க முடியாது.

மாரியம்மன் உன்னைக் காக்கட்டும், உன் தொழில் தழைக்கட்டும். வரும்போது தடித்த சட்டை எடுத்து வா, குளிர் அதிகம். அம்மா முறுக்கு சுட்டு வைப்பாள்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். அவர்களுக்கு நீ சொல்லியிருக்கும் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நீ உண்மையைச் சொன்ன பிறகு என் பெயரைப் போட்டு எழுதுகிறேன். இதை இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.