கிளட்ச் மிதிக்கிற கால்

மார்ச் 3
பேருந்து ஓட்டுநர் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பதினோரு வருடம் நடத்துநராக நின்றே வந்தவள், ஒருவழியாக முன்னால் உட்காரப் போகிறேன். இன்று டிப்போவில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ‘டொக்’ என்று ஒரு சத்தம். நடக்க முடிகிறது. சுளுக்குதான்.

மார்ச் 4
போன வருடம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தேய்த்துவிட்டதில் சரியானது. அதே வைத்தியம்தான். என் வீட்டுக்காரர் தேய்த்தார். சுவருக்குப் பட்டி பார்க்கிற பெயின்டர் கை. உயிர் போய்விட்டது.

மார்ச் 5
கணுக்கால் எலும்பையே காணோம். கத்தரிக்காய் நிறம். செருப்பு நுழையவில்லை. ஐயோ, எதுக்குத் தேய்க்கச் சொன்னேன்? யாரையாவது கேட்டிருக்கலாமே – தேர்வு என்ன ஆகும்?

மார்ச் 6
மருத்துவமனை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பிசியோதெரபி அம்மா கெண்டைச் சதையை அழுத்தினார், வலிக்கவில்லை. கணுக்காலின் வெளிப்பக்கம் விரல் வைத்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

சதை இழுபட்டால் சதையில்தான் வலிக்குமாம். அதை நீட்டும்போதும் வேலை வாங்கும்போதும் பிடிக்குமாம். மூட்டு மடங்கினால் அடிபடுவது எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற லிகமென்ட். வலி மூட்டிலேயே இருக்கும், சீக்கிரமே வீங்கும், ஊன்றினால் ஆடும்.

“ரெண்டையும் சுளுக்குன்னே சொல்லிடறோம், அதான் வம்பு. போன வருஷம் உங்களுக்கு இழுத்தது சதை. இது மூட்டு. புதுசா வீங்கினதைச் சூடு காட்டித் தேய்ச்சா இன்னும்தான் வீங்கும்.”

ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும். கிளட்ச் மிதிக்க ஐந்தாறு வாரம் ஆகலாமாம்.

மார்ச் 7
அழுதேன். என் வீட்டுக்காரர் கட்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிப் பழகினார்.

மார்ச் 9
இரண்டு வலி மாத்திரை போட்டால் தேர்வு நடக்கிற அரை மணி நேரம் தாங்காதா? நாற்காலியில் உட்கார்ந்து, சுவரையே கிளட்ச்சாக நினைத்து மிதித்துப் பார்த்தேன். கணுக்கால் நழுவியது. பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது. ‘பிரேக்’ மாமாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். டிப்போவில் எங்களுக்கு ஓட்டச் சொல்லித்தருபவர்; பயிற்சியில் எந்நேரமும் பிரேக் பிரேக் என்று கத்துவதால் நாங்கள் வைத்த பெயர் அது. திட்டுவார் என்றிருந்தேன்.

“சொல்லாம வந்து ஓட்டியிருந்தா அப்புறம் உன்ன என் வண்டியில ஏத்தியிருக்க மாட்டேன். ஏப்ரல் இருபத்தெட்டுக்கு மாத்தி எழுதிடறேன். காலைப் பாரு.”

மார்ச் 20
துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கிறேன். அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு எண்ணுவதற்குள் வாளிமேல் சாய்ந்தேன். மகளுக்கு ஒரே சிரிப்பு.

ஏப்ரல் 11
முழுசாகத் துலக்கி, வாயும் கொப்பளித்தேன். மகள் என்னைக் கொக்கு என்கிறாள். இருக்கட்டும்.

ஏப்ரல் 28
மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். கால் ஆடவில்லை, நெஞ்சுதான் ஆடியது. பாஸ்.

மே 6
முதல் நாள். மூன்றாவது நிறுத்தத்தில் அவர் பெயின்ட் வாளியோடு ஏறினார். வேலைக்குப் போக அவருக்கு இது சுற்றுவழி. மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன் – துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடத்துநர் மணி அடித்தாள். வண்டியை எடுத்தேன்.