பூட்டி வைத்த அளவுகள்

செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்.

சிராங்கூன் ரோட்டில் ரவிக்கை தைக்கும் மல்லிகா ஆன்ட்டிக்கு நான் செய்து கொடுத்த டேட்டாபேஸை இன்று பூட்டிவிட்டேன். வேறு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மாறப்போகிறாராம். வாடிக்கையாளர்களின் அளவுகளை எடுத்துத் தரச் சொன்னார்.

"டேட்டாபேஸ் நான் செஞ்சது ஆன்ட்டி. காண்ட்ராக்ட்படி எனக்குத்தான் சொந்தம் லா."

"அளவெல்லாம் நான் எடுத்தது தம்பி. நான் உக்காந்து டைப் பண்ணது."

"அப்ப நோட்டைப் பாத்து மறுபடியும் டைப் பண்ணுங்க."

நோட்டுகள் இல்லை. இனி எதற்கு என்று குப்பையில் போடச் சொன்னவனே நான்தான். அது அவருக்கும் ஞாபகம் இருந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

செங்காங்கில் இருக்கும் வீட்டுக்கு வரும் ரயிலில், எனக்குச் சொந்தமானதைப் பார்க்கலாமே என்று போனில் திறந்தேன். என் தங்கையின் பெயரும் இருந்தது. அளவுகளுக்குக் கீழே ஆன்ட்டியின் குறிப்பு: "இடது மார்பு ஆப்பரேஷன்ல எடுத்தாச்சு. பஞ்சு வெச்சுத் தைக்கணும். அவங்க வீட்ல யாருக்கும் தெரியாது."

போன ஞாயிறுதான் சாப்பிட வந்திருந்தாள். புது ரவிக்கை. உடம்பு போட்டுவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

ஆன்ட்டிக்கு டேட்டாபேஸை இன்னும் திறந்துவிடவில்லை.