வேலமரத்தடிக் குலவை

அக்கா,

பருத்திமார் புகை கண்ணில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. முந்தாநாள் மாசிச் சிவராத்திரி. அருப்புக்கோட்டையிலிருந்து மாமியார் வீட்டுக் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். காய்ந்த பருத்திச் செடியை ஒடித்து ஒடித்து அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு நல்ல சாக்கு அந்தப் புகை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீ பந்தல்குடிக்கு வாக்கப்பட்டுப் போனபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. இரண்டாம் வருஷமே தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரி கவிழ்ந்து அத்தான் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை. காரியம் முடிந்த கையோடு அத்தான் வீட்டார் உன்னையும் உன் தகரப் பெட்டியையும் நம் ஊர் பரளச்சிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். நம் அய்யா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

அடுத்து வந்த சிவராத்திரிக்குத் திருச்சுழியில் புதுப்பானை வாங்கி வந்தாய். நம் ஐயனார் கோயில் பொட்டலில் பங்காளிகள் வைத்திருந்த பானை வரிசையின் கடைசியில் உன்னுடையதையும் வைத்தாய். பெரியப்பா பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"தாயி, கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இங்கன பானை கெடையாதுத்தா. ஒனக்கு ஒம் புருசன் வீட்டுச் சாமி இருக்குல்ல."

"அவுக கூப்பிடலையே பெரியப்பா."

"நான் என்னத்தா செய்ய? நம்ம வழமை அப்படி."

அவர் கெட்டவரில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு ஆறியிருக்கலாம். அய்யா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ பானையை எடுத்துப் போய் வேலமரத்தடியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். முதல் பானை பொங்கியது. குலவைச் சத்தம் எழும்பவில்லை. நம் ஊரில் நீ எடுத்துக்கொடுத்துத்தானே மற்றவர்களுக்குப் பழக்கம். பெண்கள் எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே குலவை போட்டாய்.

ஏனக்கா போட்டாய் என்று வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன்.

"பானை பொங்குது பிள்ள. சும்மா இருக்க முடியுமா?" என்றாய்.

போன ஐப்பசியில் காய்ச்சலில் நீ போனாய். அன்றைக்கு மட்டும் பந்தல்குடியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "எங்க வீட்டுப் பொம்பள. கொள்ளி நாங்கதான் வைக்கணும்" என்றார் உன் கொழுந்தன். பெரியப்பா தலையாட்டினார்.

"பானைக்குக் கூப்பிடாதவுக கொள்ளிக்கு வந்துட்டீகளாக்கும்" என்று கேட்டேன். கொழுந்தன் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முந்தாநாள் என் பானை பொங்கி வழிந்தபோது, நினைப்பதற்கு முன்பே வாய் குலவை போட்டுவிட்டது. முடித்த பிறகுதான் தெரிந்தது, அது உன் குலவை. கடைசியில் நீ இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

"இம்புட்டு நல்லாப் போடுறியே, எங்கனத்தா படிச்ச?"

எங்க வீட்டில் என்று சொல்ல வாயெடுத்தேன். பரளச்சியில் இனி எனக்கும் பானை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்க அக்கா வீட்டுல" என்றேன், உனக்கென்று ஒரு வீடு இருந்ததுபோல.

மாமியாருக்கு உன் கதை தெரியும். குனிந்து, எரிந்துகொண்டிருந்த பருத்திமாரை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டார். மறுபடியும் புகை என் கண்ணில் ஏறியது.