அத்தையின் கம்பிக்கு ஓர் உறை

செப்டம்பர் 22, திங்கள்

அத்தைக்குப் பேஸ்மேக்கர் பேட்டரி தீரப்போகிறது. நவம்பர் 14-ல் மாற்றுகிறார்கள். இதயத்துக்குள் போகும் கம்பியின் மேலுறையும் ஓரிடத்தில் நைந்திருக்கிறதாம். ரிப்பேர் உறை கிடைத்தால் ஒட்டிவிடலாம். இல்லையென்றால் கம்பியையே பிடுங்கி மாற்றணும், இந்த வயதில் அது ஆபத்து என்கிறார் டாக்டர். வெளிநாட்டு உறை இப்போது வருவதில்லை. மன்னார்புரத்தில் எங்கள் கம்பெனி செய்கிறது. ஆனால் விற்க லைசென்ஸ் இல்லை. அந்த லைசென்ஸை வாங்கித் தருவதுதான் என் உத்தியோகம்!

"உன் மூடி எப்பத்தான்டீ வரும்?" என்று மாமியார் அதிகாரத்தோடு அத்தை தினமும் கேட்கிறார். ஊறுகாய் பாட்டில் மூடி பாருங்கள், அந்த உறை!

செப்டம்பர் 30

நாளை ஆயுத பூஜை. திங்கட்கிழமை லைசென்ஸ் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். முதலாளி தங்கையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "சார், பூஜையெல்லாம் வெளியிலதான். சுத்த அறைக்குள்ள ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா."

அக்டோபர் 3

அடக் கடவுளே! உறை செய்யும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம்! முதலாளி வேலைதான்.

"தொப்பி, மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுட்டுத்தாம்மா உள்ள போனேன். சோறு போடுற மெஷினு... அதை மட்டும் விட மனசு கேக்கல."

இந்த மனுஷனை என்ன செய்ய? செய்து வைத்திருந்த உறை அத்தனையும் குப்பைக்குப் போனது.

துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன? யாருக்குத் தெரியும்? — ஐயோ, அத்தை நெஞ்சுக்குள் போகிற சாமான் இது. நடந்ததை அப்படியே எழுதி வைத்தேன்.

அக்டோபர் 6

அதிகாரி பானுமதி மேடம் கேட்டார்: "இவ்வளவு உறையை ஏன் அழிச்சீங்க?"

"குங்குமம், மேடம்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மேடத்துக்கு உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"நீங்களே சொன்னதால பேசிட்டிருக்கேன். மறைச்சிருந்தா இப்பவே கிளம்பியிருப்பேன். புதுசா செஞ்சு, டெஸ்ட் ரிசல்ட்டோட அனுப்புங்க."

டெஸ்டுக்கே மூன்று வாரம் ஆகும். ஆபரேஷனுக்குள் வருமா?

அக்டோபர் 20, தீபாவளி

முறுக்கைக் கருக்கிவிட்டேன். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. தலை சுற்றுகிறது என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 7

வந்துடுச்சு! லைசென்ஸ் வந்துடுச்சு! முதலாளி மலைக்கோட்டைக் கடைவீதிக்கு ஓடி, பெட்டி பெட்டியாக அல்வா வாங்கி வந்தார்.

நவம்பர் 14

உறை போட்டாயிற்று. ஐசியு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நன்றாக அழுதேன்.

டிசம்பர் 15

லைசென்ஸோடு ஒரு நிபந்தனை: உறை பொருத்தியவரிடம் மாதம் ஒருமுறை குறை கேட்டு எழுத வேண்டும். விதி விதிதானே? பேனாவோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏதாவது குறை இருக்கா அத்தை?"

"குறையா? இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உனக்கு? எழுதிக்க. ரசம்னு ஒண்ணு வைக்கிறியே..."

ரசத்தில் தொடங்கி, கருகின முறுக்கு, என் அப்பா வீட்டுச் சீர், கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த புடவைக் கலர் வரைக்கும் போனார். நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.