சுணை இல்லாத செடி

ஜூலை 8

மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் டைரி எழுதியதில்லை. தாளை வீணடிப்பது போல இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் எனக்குப் பேச வாய் வருவதில்லை. வீட்டில் பேசினால் யாருக்கும் புரிவதில்லை.

இன்றும் இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் டேப் ஒட்டி இலையின் அச்சை உரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இலைத்துளை, அதன் இருபுறமும் ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு செல்கள். தொட்டால் அரிக்கும் மெல்லிய முடி, அந்தச் சுணை உள்ள செடியிலும் அதேதான், சுணை இல்லாததிலும் அதேதான். சுணை இல்லாததைத் தனிச் சிற்றினம் என்று சொல்லிப் பெயர் வைத்தவர் என் கைடு. இரண்டும் வேறு என்று காட்டுவதுதான் என் ஆய்வு.

"சரியாப் பாரும்மா" என்றார். தலையாட்டினேன்.

ஜூலை 19

அம்மா என் பையில் நகப்பூச்சைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குடி இந்த அலங்காரம்?"

"இலைக்கும்மா."

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா இலைக்குப் பூசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

சிரித்தாலும் விஷயம் அதுதான். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அவசரப்படுகிறார்கள். மூத்தவள் படிப்பு முடியட்டும் என்று அப்பா தள்ளிப்போடுகிறார். "இந்த வருஷம் டாக்டர் பட்டம் வந்துடும்ல?" என்றார். வந்துடும்ப்பா என்றேன். எந்த வாயால் சொன்னேன்?

ஆகஸ்ட் 2

மறுபடி உரித்தேன். அதே.

ஆகஸ்ட் 21

சுணை இல்லாத செடிகள் எல்லாமே நிழலில் வளர்ந்தவை. போன மாதம் அவற்றில் ஒரு தொட்டியை மட்டும் மொட்டை மாடி வெயிலில் வைத்திருந்தேன். இன்று அதன் புது இலையைத் தடவினேன். விரல் அரித்தது. சுணை!

துள்ளிக் குதிக்க வேண்டியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் ஒரே செடி. சொன்னால் சார் வைத்த பெயர் போய்விடும், என் ஆய்வேட்டில் அவர் போட வேண்டிய கையெழுத்தும் போய்விடும். சொல்லாவிட்டால் பட்டம், கல்யாணம் எல்லாம் நடக்கும் — நான் மட்டும் அந்தப் பொய்க்கு உள்ளேயே கிடப்பேன்.

ஆகஸ்ட் 24

ஆய்வகத்தில் பக்கத்து மேசை அக்காவிடம் சொன்னேன். "அவர் சொல்றத எழுதிட்டு ஓடிப் போடி. அப்புறம் யாரு உன் இலையத் தடவிப் பாக்கப் போறா?"

நான் பார்த்துவிட்டேனே அக்கா.

ஆகஸ்ட் 27

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "இந்த வருஷம் வராதுப்பா. எனக்காகக் காத்திருக்காதீங்க, தங்கச்சிக்கு முடிச்சிடுங்க." அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனேன். வழியெல்லாம் மண் கொட்டியது. இத்தனை மாதத்தில் அவர் என் ஸ்லைடு ஒன்றில்கூடக் கண் வைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

"சார், ஒரே ஒரு தடவை இந்த இலைய நீங்களே தொட்டுப் பாருங்க."