கீழ்வீட்டுக்கு டெலிவரிக் கட்டணம்

மார்ச் 9, இரவு பன்னிரண்டரை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஒரு மாடி இறங்கினால் உங்கள் கதவு, இதற்குக் கடிதமா என்று சிரிப்பீர்கள். இரண்டு தடவை இறங்கி வந்தேன். தட்டக் கை எழவில்லை. போனில் எழுதினால் சோப்பு ஆர்டர்களுக்கு நடுவில் போய் நின்றுவிடும். அதனால் இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

போன ஞாயிறு நீங்கள் என்னிடம் பத்து சோப்பு வாங்கினீர்களே, அந்த பில் சீட்டில் டெலிவரிக் கட்டணம் நாற்பது என்று இருந்ததைக் கவனிக்காமலே பணத்தை வாங்கிவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து நீங்கள் மேலே வரவில்லை.

முதலில் டெலிவரி இலவசம் என்றுதான் போட்டிருந்தேன். அட்டைப்பெட்டி, டேப், கூரியர் கூலி, குட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு பஸ் என்று எல்லாம் கையைக் கடித்தது. வெளியூரில் இருக்கும் இவரைப் போனில் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே ரேட் போடு. முகத்தப் பாத்து ரேட் போட்டா வியாபாரம் உருப்படாது" என்றார். நானும் நாற்பதைச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் குட்டியை நீங்கள் வைத்துக்கொண்டால்தான் நான் காஸ்டிக் கரைசலைத் தொட முடியும். ஒரு சொட்டுப் பட்டாலும் தோல் வெந்துவிடுமே. ஆறு நாளாக சோப்பு அச்சுகள் காலியாகக் கிடக்கின்றன. அதுகூடப் பரவாயில்லை அக்கா. ஆறு நாளாக, பேசத் தெரிந்த ஆள் ஒருவரிடமும் நான் முகம் பார்த்துப் பேசவில்லை.

இப்படிக்கு,
மேல்வீட்டுத் தங்கை

மார்ச் 11

சோப்புக்காரிக்கு,

குட்டி ராத்திரி அழறது கீழே கேக்குது. அவளத் தூக்கிக்கிட்டு நீ நடக்கறதும் கேக்குது. பால் குடிச்சதும் முதுகத் தட்டாம படுக்கப் போடாதே.

நாற்பதுக்குக் கோவிச்சுக்கற ஆளா நான்? பஸ் டிக்கெட் கவுண்டர்ல இருபது வருஷம் உட்கார்ந்தவ. சில்லறைச் சண்டையெல்லாம் எனக்குக் காலைக் காப்பி மாதிரி. ஆனா மூட்டுவலியோட மாடி ஏறி வந்து வாங்கிட்டுப் போனது யாரு? நியாயப்படி டெலிவரிக் கூலிய நீதான் எனக்குத் தரணும்.

உன் வீட்டுக்காரர் சொன்னதும் தப்பில்ல. முகத்தப் பாக்காதே. தூரத்தயும் எடையயும் பாரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கறவன்கிட்டயும் கடைசி ஸ்டாப்புக்குப் போறவன்கிட்டயும் நான் ஒரே காசு கேட்டா கவுண்டர் கண்ணாடிய உடைச்சுடுவான். நேர்ல வந்து வாங்கறவங்களுக்குக் கட்டணம் இல்லன்னும் சீட்டுல போடு.

அன்னிக்கு நான் சோப்புக்காக மட்டும் வரல. எனக்கு மாற்றல் வந்திருக்கு. அந்தப் பத்தும் கவுண்டர்ல கூட வேலை செய்யறவங்களுக்குக் கொடுக்க. உன் பக்கத்துல உட்கார்ந்து விஷயத்தச் சொல்லணும்னுதான் ஏறி வந்தேன். நீ தலை நிமிராம "மொத்தம் இவ்வளவு, அக்கா"ன்னு சீட்ட நீட்டின. கவுண்டருக்கு வெளியில, வரிசையில நான் நிக்கற மாதிரி இருந்தது. காசக் கொடுத்துட்டு இறங்கிட்டேன்.

பதினெட்டாம் தேதி லாரி வருது. படி ஏற முடியல, அதனால கீழே இருக்கற உன் தபால் பெட்டியில இதப் போடறேன். குட்டிய எடுத்துக்கிட்டு ஒருதரம் இறங்கி வா.

அக்கா

மார்ச் 21, இரவு ஒன்றரை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று சாயங்காலம்தான் கையில் கிடைத்தது. கரண்ட் பில்லைத் தேடித் தபால் பெட்டியைத் திறந்தேன். ஊரெல்லாம் பார்சல் அனுப்புகிறவளுக்குத் தன் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பத்து நாள் அங்கேயே கிடந்திருக்கிறது.

பதில் இல்லை, கோபம் தீரவில்லை என்றே நினைத்துவிட்டேன். லாரி வந்தபோதுதான் நீங்கள் வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று தெரிந்தது. பால்கனியில் நின்றேன். கட்டில் போனது. பீரோ போனது. நீங்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் காயப்போட்ட துணிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். கடிதத்தைப் படித்துவிட்டும் இறங்கி வராதவள் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? 

நீங்கள் சொன்னபடி இன்று ராத்திரியே ரேட்டை மாற்றிப் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். எடைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, நேரில் வந்தால் ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நேரில் வரத்தான் யாருமில்லை.

நீங்கள் வருகிற ஐந்து மணியானால் குட்டி வாசல் பக்கம் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொள்கிறாள். தூக்கினால் அழுகிறாள்.

போன் அடித்தேன், இரண்டு முறையும் நீங்கள் எடுக்கவில்லை. புது வீடு எங்கே என்று வீட்டுச் சொந்தக்காரம்மாவுக்கும் தெரியவில்லை. இதை உங்கள் பழைய கவுண்டருக்குத் தபாலில் அனுப்புகிறேன். அங்கிருந்து யாராவது உங்களிடம் சேர்த்துவிடுவார்கள்.

விலாசத்தை மட்டும் எழுதுங்கள். எத்தனை பஸ் மாற வேண்டியிருந்தாலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.

தங்கை